லினக்ஸ் மின்டில் ஆட்டோகேட்: லைசென்ஸ் கட்டத்தில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். செம்பனை ஆலைகளுக்குக் கன்வேயர் உதிரிபாகம் செய்யும் வெல்டிங் பட்டறையில் வரைபட வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. என் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக, ஆட்டோகேட் 2021 என்ற வரைபட மென்பொருளை நிறுவினால், லைசென்ஸ் கேட்கும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆலையிலிருந்து வருவதெல்லாம் டிடபிள்யூஜி (ஆட்டோகேட்டின் வரைபட வடிவம்) கோப்புதான். என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, வைன் விண்டோஸ் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆட்டோகேட்டின் லைசென்ஸ் பின்னணியில் ஓடும் தனிச் சேவை. அது வைனில் சரியாக எழும்புவதில்லை. வைனின் துணைக் கருவியான வைன்ட்ரிக்ஸில், விண்டோஸ் நிரல்களுக்குத் தேவைப்படும் டாட்நெட் 4.8 போட்டுப் பார்க்கலாம், ஆனால் தேதி குறித்த வேலையை அதை நம்பி எடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஆட்டோகேட்டா, டிடபிள்யூஜியா?

கேட்டவர்:
டிடபிள்யூஜிதான் அண்ணா. எல்லாம் 2டி, கூடவே வரையும் வேலையைத் தானாகச் செய்யும் சில லிஸ்ப் நிரல்கள்.

பதில்:
அப்படியானால் பிரிக்ஸ்கேட் என்ற வரைபட மென்பொருளைப் பாருங்கள். லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு, லிஸ்ப் ஓடும், 30 நாள் சோதித்துப் பார்க்கலாம். பிறகு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லிப்ரேகேட் என்ற இன்னொன்று இலவசம், ஆனால் டிடபிள்யூஜியாகச் சேமிக்காது.

கேட்டவர்:
பிரிக்ஸ்கேட்டில் கோப்பு திறந்துவிட்டது! கோடுகள் சரி. ஆனால் எழுத்துகள் அளவுக் கோட்டின் மேல் ஏறி நிற்கின்றன, போல்ட் துளைக்கு முன்னால் வரும் விட்டக் குறி கட்டமாகத் தெரிகிறது.

வேறொருவர்:
எழுத்துரு வரவில்லை. ஆலையின் வரைவாளரிடம் இ-டிரான்ஸ்மிட் (வரைபடத்தையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டும் ஆட்டோகேட் கட்டளை) போட்டு, ஆட்டோகேட்டின் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அவற்றை வரைபடம் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். கோப்புப் பெயரில் லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எக்ஸ்ரெஃப் (வரைபடத்தோடு இணைத்த வேறு கோப்பு) கிடைக்கவில்லை என்று சொன்னால் முதலில் கோப்புப் பெயரைப் பாருங்கள். அந்தக் கட்டத்தை மட்டும் ஊகித்துப் படிக்கவே கூடாது. விட்டமா ஆரமா என்று குழம்பினால் தகடு முழுக்க வீண். வட்டத்தைத் தொட்டு அளந்து பார்த்த பிறகே வெட்டக் கொடுங்கள்.

கேட்டவர்:
எழுத்துரு வந்தது, குறி சரியாகிவிட்டது. ரொம்ப நன்றி. திருப்பி அனுப்பும்போது அவர்களுக்குத் திறக்குமா?

பதில்:
2013 டிடபிள்யூஜி வடிவில் சேமியுங்கள், ஆட்டோகேட் 2013-உம் அதற்குப் பின் வந்தவையும் திறக்கும். கூடவே ஒரு பிடிஎஃப் வையுங்கள். அவர்கள் திரையில் ஏதாவது மாறித் தெரிந்தால் ஒப்பிட உதவும்.