புதுப்பிப்பு: டிஃபெண்டர் ஆக்டாவின் சஸ்பென்ஷன்

கரடுமுரடான பாதைகளிலும் ஓடக்கூடிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஆக்டா காரின் 4.4 லிட்டர் வி8 எஞ்சினையும் அதன் 635 பிஎஸ் (குதிரைத்திறன்) திறனையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கரடுமுரடான பாதையில் இவ்வளவு வேகம் எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்த வேகத்தைத் தாங்குவது சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு. என்னை மிகவும் கவர்ந்ததும் அதுதான்.

நான்கு சக்கரங்களின் டாம்பர்களும் (அதிர்வைத் தணிக்கும் பாகங்கள்) ஹைட்ராலிக் முறையில், அதாவது எண்ணெய் அழுத்தத்தின் வழியே, பிணைக்கப்பட்டுள்ளன. வளைவில் வண்டி சாய முற்பட்டாலும், பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் அமிழ முற்பட்டாலும், எண்ணெய் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. பாறையில் ஏறும்போதோ ஒவ்வொரு சக்கரமும் தாராளமாக ஏறி இறங்கி மண்ணைப் பற்றிக்கொள்கிறது. சாலைக்கு வேண்டிய இறுக்கமும் காட்டுக்கு வேண்டிய நெகிழ்வும் ஒரே வண்டியில் சேர்வது அரிது!

எவ்வளவு ஆழமான தண்ணீரில் வண்டியை இறக்கலாம் என்று கேட்டவருக்கு: 1 மீட்டர் வரை தாராளமாக இறக்கலாம்.