யூதர் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

கூட வேலை பார்ப்பவரின் அப்பா தவறிவிட்டார். வீட்டில் ஷிவா நடக்கிறது, வருகிறாயா என்று இன்னொரு நண்பர் அழைத்துப் போனார். அடக்கம் முடிந்ததிலிருந்து ஏழு நாள் வீட்டோடு இருந்து துக்கம் காப்பதுதான் ஷிவா. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி இறந்தால் மட்டுமே இது கடமை.

கதவு தாழ் போடாமல் இருந்தது. மணி அடிக்காமல் நேரே உள்ளே போனோம். அவர் தாழ்வான முக்காலியில், சவரம் செய்யாத முகத்தோடு, துணிச் செருப்பு போட்டு உட்கார்ந்திருந்தார். தோல் செருப்பு கூடாதாம். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவருடைய சட்டையில் இடப்பக்கம் ஒரு கிழிசல். இறந்தது அப்பா அம்மா என்றால் இதயத்தின் பக்கம் கிழிப்பார்கள், மற்ற உறவென்றால் வலப்பக்கம். அமெரிக்காவில் பலர் கறுப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு அதைக் கிழிப்பதோடு சரி. இவர் நிஜமாகவே சட்டையைக் கிழித்திருந்தார்.

துக்கக்காரர் பேசும் வரை வந்தவர்கள் பேசக் கூடாது. பைபிளில் வரும் யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார், அப்பா கார் ஓட்டிய லட்சணத்தைப் பற்றி. அறையே சிரித்தது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. நம் பக்கம் 'எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு' என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்க, வீட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோகிறார்கள்.

மாலையில் கடிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்லத் தேவையான பத்துப் பேர் கூடினார்கள். வைதிக யூதர்கள் ஆண்களை மட்டும்தான் கணக்கில் சேர்ப்பார்கள், இங்கே பெண்களையும் சேர்த்தார்கள். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் இதைச் சொல்ல வேண்டும்.

ரெகோவோத்திலிருந்து:

இஸ்ரேலில் நான் பார்த்தது அடக்கம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவருடைய அம்மா. அநேகமாக இங்கே சவப்பெட்டி கிடையாது, வெள்ளைத் துணியில் சுற்றிய உடல் அப்படியே குழிக்குள் இறங்குகிறது. அந்த உடையில் பை இருக்காது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே துணி. கூடியிருந்தவர்கள் மாறி மாறி மண் தள்ளினார்கள். ஒருவர் முடித்ததும் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்திவிடுகிறார், அடுத்தவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாரும் இரண்டு வரிசையாக நிற்க, நடுவே பிள்ளைகள் நடந்து போனார்கள். சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுவோரோடு உங்களையும் கடவுள் தேற்றட்டும் என்பதுதான் இரண்டு பக்கமிருந்தும் வந்த வார்த்தை. கல்லறையில் பூவை விடச் சின்னக் கற்கள்தான் அதிகம் கண்ணில் பட்டன. வெளியே வரும்போது கை கழுவக் குழாய் இருந்தது.

ஹைஃபாவிலிருந்து (மட்டக்களப்புக்காரி):

நான் பராமரித்த ஐயா இறந்த பிறகு, அந்த வீட்டில் ஷிவா முடியும் வரை நானும் இருந்தேன். அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாடு அந்த வீட்டுச் சமையலாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்தார்கள். மகள் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றப் போனால் சொந்தக்காரர் பிடித்து இருத்திவிடுவார்கள், துக்கக்காரர் உபசரிக்கக் கூடாதாம். எங்கள் செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்ல மாட்டோம்தானே, அங்கேயும் வரும்போதோ போகும்போதோ வந்தனம் சொல்லுவதில்லை. ஏழாம் நாள் முழுக்க இருப்பதில்லை, காலையில் கொஞ்ச நேரம்தான். பிறகு எழும்பி, குடும்பமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்கள்.

டொரண்டோவிலிருந்து:

நாளை நானும் ஒரு ஷிவா வீட்டுக்குப் போக வேண்டும். பூ வாங்கிப் போகலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து:

பூ வேண்டாம். சாப்பாடு கொண்டுபோங்கள். கோஷர், அதாவது யூத உணவு விதிகள், பார்க்கிற வீடு என்றால் வீட்டில் சமைத்ததைத் தவிர்த்து, கோஷர் கடையில் வாங்கி, பொட்டலத்தைப் பிரிக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் இறந்தவர் பெயரில் ஏதாவது அறப்பணிக்குப் பணம் கொடுக்கலாம். அப்புறம், நாளை வெள்ளிக்கிழமை. சூரியன் மறைந்தால் சப்பாத் என்ற வார ஓய்வு நாள், அன்று வெளிப்படையாகத் துக்கம் காக்க மாட்டார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.