பொறுமையைக் கற்பிப்பது ஆமைக் கதையா, கீரிப்பிள்ளைக் கதையா?

திண்ணை வாசகர்:
குழந்தைகளுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டும் என்றதும் நாம் முயல்–ஆமைக் கதையைத்தான் எடுக்கிறோம். அந்தக் கதையில் பொறுமை எந்த இடத்தில் சோதிக்கப்படுகிறது? ஆமைக்கு வேகமாக ஓட வழியே இல்லை. அது தன் இயல்புப்படி நடந்தது, முயல் தூங்கியதால் வென்றது. அவசரப்படக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவர் தன்னை நிறுத்திக்கொள்வதையே நான் பொறுமை என்பேன். ஆகவே என் தேர்வு பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் உள்ள கீரிப்பிள்ளைக் கதை. குழந்தையை நெருங்கிய பாம்பைக் கொன்றுவிட்டு, வாயில் இரத்தத்தோடு எதிரே ஓடிவரும் கீரியைக் கண்ட தாய், அது பிள்ளையைக் கடித்துவிட்டதென்று எண்ணி, இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தை அதன்மேல் போட்டுக் கொன்றுவிடுகிறாள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் நேரம்வரை அவள் பொறுத்திருந்தால் போதும். பொறுமை எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியவில்லை.

மழலை ஆசிரியை:
ஐயா, தங்கள் விளக்கம் பெரியவர்களுக்குப் பொருந்தும். நான் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பழகுகிறவள். இந்தக் கதையைக் கேட்கும் அந்த வயதுப் பிள்ளை தாயின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை. கீரியின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறது. நல்லது செய்த கீரியை ஏன் கொன்றார்கள் என்பதே அதன் கேள்வியாக இருக்கும். பாடம் அதன் காதில் ஏறாது, அச்சம் மட்டுமே தங்கும். ஆமையின் கதையிலோ பிள்ளையால் செய்துபார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. தன்னைவிட விரைவாக எழுதி முடிக்கும் தோழியைப் பார்த்து மனம் சோராமல், தன் எழுத்தைத் தன் வேகத்தில் முடிக்க வேண்டும் என்பதை அந்த ஆமை கற்றுத்தருகிறது. அதுவும் பொறுமைதான்.

திண்ணை வாசகர்:
கதையில் சாவு வருவதுதான் தடை என்றால், இரண்டு பறவைகள் தூக்கிய குச்சியைக் கவ்விக்கொண்டு பறந்து, வாயைத் திறந்ததால் விழுந்து இறந்த ஆமையின் கதையை நாம் எப்படித் தயங்காமல் சொல்லிவருகிறோம், அம்மா? அங்கே குற்றம் ஆமையுடையது. கீரிப்பிள்ளைக் கதையில் குற்றம் வீட்டுப் பெரியவருடையது. நம் தயக்கத்துக்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளையின் முன்னால் ஒரு தாய் தவறு செய்ததாகச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

மேலும், இந்தக் கதையைச் சாவோடு முடிக்க வேண்டியதில்லை என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் கோவலனிடம் பேசும்போது இந்நிகழ்ச்சி வருகிறது. கீரியைக் கொன்ற மனைவியைப் பிரிந்து கணவன் வடதிசை போய்விடுகிறான். அவன் எழுதித் தந்த வடமொழி ஏட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வணிகர் வீதியில் அழுது திரிகிறாள். கோவலன் அவளை அழைத்துக் கேட்டு, தானம் செய்து, அவள் துயரை நீக்கி, கணவனோடு சேர்த்துவைத்துப் பொருளும் தருகிறான். அவசரத்தால் நேர்ந்ததைப் பொறுமையோடு சீர்செய்த ஒருவன் அங்கே இருக்கிறான். அவனையே அடுத்த காதையில், பொற்கொல்லனின் சொல்லை மட்டும் நம்பி, ஊடிய தேவியிடம் சென்றுகொண்டிருந்த பாண்டியன் ஆராயாமல் கொல்லச் சொல்கிறான். வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு ஆழமாகப் பதியும்!

ஆற்றங்கரையான்:
இருவரும் கதைக்குள்ளேயே நிற்கிறீர்கள். பொறுமை என்பது, கதை கேட்கும் பிள்ளையின் நம்பிக்கையைச் சார்ந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, 28 குழந்தைகளில் ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மறுபாதியை ஏமாற்றினார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு மிட்டாயைக் கொடுத்து, உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது 3 நிமிடங்கள் மட்டுமே. ‘நாளைக்கு வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் வீட்டில் எந்தக் கதையைச் சொன்னாலும் பயனில்லை.

மழலை ஆசிரியை:
இந்தச் சோதனை என் பக்கம் நிற்பதாகவே கருதுகிறேன். சொன்ன சொல் காக்கப்படும் உலகம் ஒன்று உண்டு என்பதைச் சிறு பிள்ளை முதலில் கதையில் காணட்டும். ஆமைக்கு வெற்றி கிடைப்பதைத் தாங்கள் குறையாகச் சொன்னீர்கள். அந்த வெற்றிதான் பிள்ளைக்குக் காத்திருக்கும் துணிவைத் தருகிறது.

திண்ணை வாசகர்:
வீட்டில் வாக்குத் தவறும்போது, கதையில் ஆமை வென்றது என்ன ஆறுதல் தரும்? பொறுமையிழந்த பெரியவர் ஒருவரை வெளிப்படையாகக் காட்டும் கதைதான் அந்தப் பிள்ளைக்கு நேர்மையானது. அதை வாய்விட்டுப் படிக்கும் தாய் தந்தையருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆமையின் கதை பெரியவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

மழலை ஆசிரியை:
பெரியவர்களிடம் கேட்க வேண்டியதைப் பெரியவர்களிடமே கேட்போம், ஐயா. பெற்றோர் கூட்டத்தில் நான் கீரிப்பிள்ளைக் கதையைச் சொல்ல அணியமாக இருக்கிறேன். கோவலன் செய்த உதவியோடு சேர்த்து, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சொல்லலாம். என் வகுப்பின் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.