முதல் வருடம்: படித்தது ஏன் மனதில் நிற்பதில்லை?

கேள்வி: கல்லூரியில் முதல் செமஸ்டர். வகுப்பில் புரிகிறது, இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறது. நோட்ஸை மூன்று முறை படித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: திரும்பத் திரும்பப் படிப்பதுதான் சிக்கல். கண்ணுக்குப் பழகியதும் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். அன்றிரவே நோட்டை மூடிவிட்டு 10 நிமிடம் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். 3, 7, 21ஆம் நாட்களில் மறுபடி இதே வேலை. சிவப்பு குறையாத இடம் புரியாத இடம். மனப்பாடம் பண்ணாமல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

பதில் 2: கணக்குக்கு இது போதாதுங்க. பல அத்தியாயக் கணக்குகளைக் கலந்து, விடை பார்க்காமல் போடணும். ஒரே வகையாகப் போட்டால், எந்த முறை எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்கவே வராது.

பதில் 3: இரவு தூக்கத்தைக் குறைத்து மட்டும் படிக்காதீங்க. படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் உதவும்.