மறு: 'ஸ்ட்ரிப்' ஆன ஸ்க்ரூ: மொண்ணைத் திருகு எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஸ்க்ரூ 'ஸ்ட்ரிப்' ஆவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை தேய்திருகு, வழுக்குத் திருகு, மொட்டையாணி என்று சில பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எது நல்ல சொல் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு பழுதுகளுக்கு வருகிறது. திருப்புளி உட்காரும் தலைக்குழி உருக்குலைந்து போவது ஒன்று. திருகின் மரையோ (சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளம்), அது இறங்கும் துளையின் மரையோ அழிந்து போவது இன்னொன்று. முதலாவது வந்தால் திருகு வெளியே வராது. இரண்டாவது வந்தால் திருகு உள்ளே நிற்காது. நேர் எதிரான இரண்டு தொல்லைகளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டு, கைவைத்தியம் கேட்டு வருகிறவனிடம் "எந்த ஸ்ட்ரிப்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள இந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

நான் நாகர்கோவிலில் ரிமோட் கார்களைப் பழுதுபார்க்கிறேன். இரண்டு பழுதும் சேர்ந்தே இருக்கும் வண்டிகள் நிறைய வரும். சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் கடற்கரையில் ஓட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஓட்டிய வண்டி என்றால் பார்த்த உடனேயே தெரியும். அங்கே மணலில் கறுப்பாகக் கிடப்பது இல்மனைட் என்ற தாது. வலுவான காந்தம் அதை இழுக்கும். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் கறுப்பு மணல் அதைச் சுற்றி அப்பிக்கொண்டிருக்கும். மிச்ச மணல் ஸ்க்ரூ தலைக்குழிகளில் இறுகியிருக்கும். அந்தக் குழியில், ஆறு மூலை கொண்ட எல் வடிவக் கம்பியான ஆலன் கீயை (நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் 'எல்.என். கீ') விட்டால் பாதி ஆழம்தான் இறங்கும். கீ உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துத் திருப்புவார்கள், ஆறு மூலையும் போய்விடும். ஊசியால் குழியைக் கிளறிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கீயைத் தொட வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கேட்பவர் குறைவு.

அளவுக் குழப்பமும் உண்டு. எம்3 ஸ்க்ரூ (3 மி.மீ. தடிமன்) என்பது ஒன்றுதான், ஆனால் உருளைத் தலை என்றால் 2.5 மி.மீ. கீ, குமிழ்த் தலையோ சரிவுத் தலையோ (கௌண்டர்சங்க்) என்றால் 2 மி.மீ., தலையே இல்லாத வகை என்றால் 1.5 மி.மீ. இதில் வீட்டில் கிடக்கும் அங்குல அளவு செட்டை எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ. அது 2.5 குழிக்குள் ஆடிக்கொண்டே நிற்கும், மூலைகளைக் கடித்துத் துப்பிவிடும்.

பிளஸ் தலை ஸ்க்ரூவின் கதை வேறு. பிலிப்ஸ் வகைக் குழியின் பக்கங்கள் சரிவானவை. விசை கூடினால் திருப்புளி அந்தச் சரிவில் ஏறி மேலே எம்பிவிடும். ஒவ்வொரு தடவை எம்பும்போதும் குழியின் விளிம்பு கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் ஜப்பான் கிட்களில், டாமியா போன்றவற்றில், வரும் பிளஸ் ஸ்க்ரூ பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பானியத் தர அளவு. அதில் பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராமல் சீக்கிரம் எம்பும். ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று வாங்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். இந்த நிகழ்வுக்குத் தனிச் சொல்லாக 'எம்பல்' என்பதை முன்வைக்கிறேன். "திருப்புளி எம்புது, அழுத்திப் பிடி" என்று ஏற்கனவே சொல்வதுதானே. புதிதாக ஒட்டி வெட்ட ஒன்றுமில்லை.

சரி, இனி முதல் பழுதுக்கு வருகிறேன். தேய்திருகு வேண்டாம். டயரும் தேயும், பல்சக்கரமும் தேயும், மரையும் தேயும். எது தேய்ந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. வழுக்குத் திருகு என்றால் எண்ணெய் பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். மொட்டையாணி நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை மோட்டார் தண்டில் பிடித்து வைக்கும், தலையே இல்லாத அந்தக் குட்டி ஸ்க்ரூவுக்கு 'மொட்டைத் திருகு' என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதையும் இதையும் மொட்டை என்றால் கலைச்சொல் ஆக்கி என்ன பயன்?

மொண்ணை என்பது என் பரிந்துரை. கூர் போனது, விளிம்பு போனது என்ற பொருளில் எல்லாருக்கும் தெரிந்த சொல். மொண்ணைத் திருகு, மொண்ணையாதல், மொண்ணையாக்குதல், மொண்ணைத் திருகு எடுப்பான் என்று எந்தப் பக்கம் நீட்டினாலும் நீளும். "பினியனின் மொட்டைத் திருகு மொண்ணையாகிவிட்டது" என்று எழுதிப் பாருங்கள், ஒரு சந்தேகமும் வராது. ரிமோட் காரில் மிக அதிகம் நடப்பதும் இதே விபத்துதான். 1.5 மி.மீ. கீக்குத் தாங்கும் சக்தி குறைவு, ஸ்க்ரூவோ மரைப்பசை (தானாகக் கழலாமல் மரையில் போடும் பசை) போட்டு இறுக்கியது. நீல மரைப்பசை சூட்டில் இளகும். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, புதுக் கீயால் ஒரே மூச்சில் திருப்பினால் பல நேரம் வந்துவிடும். சிவப்புப் பசை என்றால் இன்னும் கடுமையான சூடு கேட்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் அது முதலில் உருகும், கவனம்.

சூடு காட்டியும் வராத மொண்ணைக்கு, கீயைவிடச் சற்றுப் பெரிய டார்க்ஸ் முனையைக் (ஆறு கோண நட்சத்திர வடிவம்) குழியில் மெல்லத் தட்டி இறக்கித் திருப்பலாம். தலை வெளியே நின்றால் சிறு வெட்டுச் சக்கரத்தால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தட்டைத் திருப்புளியால் எடுக்கலாம். மொட்டைத் திருகில் அதற்கு இடமில்லை, துளைத்துத்தான் எடுக்க வேண்டும்; இடப்பக்கம் சுழலும் துளைமுனை கிடைத்தால், துளைக்கும்போதே சில நேரம் அது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு வரும். குழிக்கும் திருப்புளிக்கும் நடுவே ரப்பர் பேண்ட் வைக்கும் உபாயம் லேசாக எம்பிய பிளஸ் தலைக்கு உதவும். இறுகிப்போனதற்கு அது உதவி நான் பார்த்ததில்லை.

நம் கடலோரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கறுப்பு ஸ்டீல் ஸ்க்ரூ கெட்டியானது, மூலை சீக்கிரம் போகாது, ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவில் துரு குறைவு, ஆனால் மென்மை, அதனால் சீக்கிரம் மொண்ணையாகும். நான் அடிக்கடி கழற்றும் இடத்தில் கறுப்பும் மற்ற இடத்தில் எஸ்.எஸ்.ஸும் போடுகிறேன்.

இரண்டாவது பழுதுக்கு 'மரையழிவு' போதும். 'மரை போச்சு' என்றுதான் ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள். மரை கழண்டவன் என்று ஆளைத் திட்டும் அளவுக்கு அந்தச் சொல் பழகிக் கிடக்கிறது. எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் மலையாளத்தில் 'பிரி' என்று சொல்லி இதே திட்டைத் திட்டுவார்கள். பெரும்பாலும் ஸ்க்ரூவின் மரை அழியாது, நைலான் சட்டத்தில் உள்ள துளையின் மரைதான் அழியும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் புதிதாக மரை வெட்டிக்கொண்டு இறங்கினால் துளை தளர்ந்துவிடும். முதலில் ஸ்க்ரூவைக் கழற்றும் திசையில் மெல்லச் சுற்ற வேண்டும். பழைய மரையில் 'டக்' என்று விழுந்த பிறகு இறுக்க வேண்டும். அழிந்துவிட்டால் சற்று நீளமான ஸ்க்ரூ, அல்லது துளைக்குள் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு நன்றாகக் காய்ந்தபின் மறுபடி இறக்குவது. மரைப்பசையை மட்டும் பிளாஸ்டிக்கில் போடாதீர்கள், சில வகைகளில் வெடிப்பு விடும்.

நாகர்கோவிலிலிருந்து

* * *

அண்ணாச்சி, வணக்கம்.

எம்பலும் மரையழிவும் எனக்குச் சம்மதம். மொண்ணையில்தான் சின்னத் தயக்கம். எங்க தக்கலைப் பக்கம் கத்தியையும் அரிவாளையும்தான் மொண்ணை என்று சொல்லுவாவ. ஸ்க்ரூவில் கெட்டுப்போவது குழி, அதாவது உள்பக்கம். குழிக்கு மொண்ணை பொருந்துமா? அப்புறம், கீயின் முனையே உருண்டு போனால் அதற்கு என்ன பெயர்?

* * *

தம்பி, கத்தியில் போவது விளிம்பு. ஆறுமூலைக் குழியிலும் போவது விளிம்புதான், உள்பக்கம் பார்த்து இருக்கிறது, அவ்வளவே. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி என் கட்சிக்குத்தான் பலம். கீ உருண்டால் 'மொண்ணைக் கீ', திருப்புளி உருண்டால் 'மொண்ணைத் திருப்புளி'. நல்ல ஸ்க்ரூக்களை மொண்ணையாக்குவது பெரும்பாலும் இவைதான், ஆகவே ஒரே சொல் இரண்டிலும் நிற்பது நல்லதுதான். ஆலன் கீ மொண்ணையானால் தூக்கிப் போட வேண்டாம். நுனியைச் சூடேறாமல் சாணைக்கல்லில் மட்டமாகத் தேய்த்தால் உள்ளேயிருந்து புது மூலை கிடைக்கும்.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் மொண்ணைத் திருகு, மரையழிவு, எம்பல், மொட்டைத் திருகு நான்கையும் தனித்தனிப் பதிவாக ஏற்றிவிடலாம். குமிழ்த் தலை, சரிவுத் தலை இரண்டும் நான் போகிறபோக்கில் எழுதியவை. தச்சு வேலைக்காரர்கள் சரிவுத் தலைக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.