எமர்சன் சகோதரர்களின் எல்பி இசைத்தட்டு இங்கே எங்காவது கிடைக்குமா?

நண்பர்களே, ஒரு உதவி. மூன்று நாளாக வீட்டில் ஒரே ஆல்பம்தான் ஓடுகிறது, டானி, ஜோ எமர்சன் சகோதரர்கள் 1979-ல் சொந்தமாக வெளியிட்ட 'ட்ரீமின் வைல்ட்'. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரூட்லேண்ட் என்று ஒரு சின்ன ஊர், விவசாயக் குடும்பம், பையன்கள் பாடுகிறார்களே என்று அப்பா பண்ணையிலேயே ஸ்டுடியோ கட்டிக் கொடுத்தார், அந்தக் கடனில் நிலத்தில் பெரும்பகுதி கையை விட்டுப் போனது. தட்டை யாரும் சீந்தவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து ஸ்போகேனில் ஒரு பழம்பொருள் கடையில் ஒருவர் கண்ணில் பட்டு, 2012-ல் 'லைட் இன் தி அட்டிக்' என்ற இசைத்தட்டு நிறுவனம் மறுபடி வெளியிட்டது. 'பேபி' பாட்டைக் கேளுங்கள், அவ்வளவு மென்மையாகக் கெஞ்சுகிற அந்தக் குரல் பதின்வயதுப் பையனுடையது என்றால் நம்ப முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2012 மறுபதிப்பு எல்பி எனக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இந்த மாதிரி தட்டு வைத்திருக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாராவது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர முடியுமா? வெள்ளை உடையில் இருவரும் இருக்கும் அந்த அட்டை மடங்காமல் வந்தால் போதும், பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.