மஞ்சி சாகவே மாட்டான் என்றால் அவன் சண்டையை நாம் ஏன் படிக்க வேண்டும்?

கருக்கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் கடைசிப் பக்கம் வரை பேசப் போகிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஹிரோஆகி சாமுராவின் 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்' என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து 30 தொகுதிகளும் முடித்தேன். 1993 முதல் 2012 வரை 'ஆஃப்டர்நூன்' இதழில் வந்த தொடர். ஓவியத்தைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். பென்சில் கோடுகளிலேயே முழுப்பக்கத்துக்கு இழைத்திருக்கிறாரே, சில இடங்களில் மேலே படிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் மனத்தாங்கல் நாயகன் மஞ்சி மேல்தான்.

கதைச் சுருக்கம்: ஜப்பானில் சாமுராய் ஆட்சி நடந்த எடோ காலம், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. எஜமான் பேச்சைக் கேட்டு அப்பாவிகளை வெட்டியவன் மஞ்சி. உண்மை தெரிந்ததும் எஜமானையே வெட்டுகிறான். துரத்தி வந்த 100 பேரையும் கொல்கிறான், அதில் ஒருவன் சொந்தத் தங்கையின் கணவன். அதைப் பார்த்த தங்கைக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது, பிறகு அவளும் கொலையாகிறாள். 800 வயதுள்ள பிக்குணி ஒருத்தி அவன் உடம்புக்குள் கெஸ்ஸென்சூ என்ற புழுக்களை விட்டிருக்கிறாள். எங்கே வெட்டினாலும் அவை தைத்து ஒட்டிவிடும். கெட்டவர்கள் 1000 பேரைக் கொன்றால் சாவு திரும்பக் கிடைக்கும் என்பது பேச்சு. இட்டோ-ரியூ என்ற வாள்கூட்டத்திடம் தாய் தந்தையைப் பறிகொடுத்த ரின் என்ற சிறுபெண்ணுக்குத் துணையாக அவன் கிளம்புகிறான்.

வாள் சண்டையில் நம் மூச்சை நிறுத்துவது எது? ஒரே ஒரு வெட்டு, எல்லாம் முடிந்தது என்கிற பயம். மஞ்சியிடம் அது இல்லை. கை போனால் எடுத்து ஒட்டிக்கொள்கிறான். இது ஆசிரியருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அதனால்தான் புழுவைக் கொல்லும் கெஸ்ஸென்சட்சு என்ற விஷத்தை நடுவில் கொண்டுவந்தார். அதுவும் ஒரு எதிரியோடு வந்து போய்விடுகிறது. அப்புறம் அந்த 1000 கணக்கு? தொடக்கத்தில் கதையின் முதுகெலும்பு போல இருந்தது, போகப்போகக் கண்ணில் படுவதே அரிது.

சாகாவரம் இந்தக் கதைக்குப் பலம் இல்லை, பாரம். அதை எடுத்துவிட்டு, சாகக்கூடிய ஒற்றைக்கண் ரோனினாகவே (எஜமான் இல்லாத சாமுராய்) மஞ்சியை விட்டிருந்தால் கதை இன்னும் உயரத்தில் நின்றிருக்கும்.

தூறல்

அண்ணா, நீங்க சொல்றது சரிதான்னு எனக்கும் தோணுது. சாகாத வாள்வீரன்னா எனக்கு 'வாம்பயர் ஹண்டர் டி' தான். ஹிதெயுகி கிகுச்சி 1983-ல எழுத ஆரம்பிச்ச நாவல் வரிசை. கி.பி. 12090, பூமி முழுக்க வாம்பயர் ஆட்சி முடிஞ்சு சிதிலமாக் கிடக்கு, அதுல குதிரை மேல தனியா டி-ன்னு ஒருத்தன். டி வந்து நின்னாலே போதும். மஞ்சி மாதிரி ஒவ்வொரு சண்டையிலயும் துண்டு துண்டா ஆகமாட்டான்.

நிலாமுற்றம்

கருக்கல், ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மாகியே சண்டை.

மாகியேதான் அந்தக் கதையிலேயே சிறந்த வாள்காரி. ஷாமிசென் வாத்தியத்துக்குள் மறைத்துவைக்கும் ஆயுதத்தோடு வருகிறாள். மஞ்சியை அவள் கந்தலாக்கிவிடுகிறாள். உங்கள் கணக்குப்படி அங்கே பயமே இருக்கக்கூடாது, அவன்தான் சாகமாட்டானே. ஆனால் நான் அந்தப் பக்கங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். ரின் குறுக்கே வந்து நிற்கிறாள். அவள் உடம்பில் புழு கிடையாது. மாகியே நினைத்தால் ஒரு வீச்சு போதும்.

பயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேர் ஒன்றாக நடக்கிறார்கள், ஒருத்தர் சாகமாட்டார், மற்றவர் சாவார். நீங்கள் சாகக்கூடியவரை விட்டுவிட்டுச் சாகாதவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சாமுரா நம் கண்ணை ரின் மேல் வைக்கச் சொல்கிறார்.

இன்னொன்று. நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஆறுவது என்றால் வலி நின்றுபோவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கட்டுப் பிரிக்கும் நாளில் தாளாமல் அழுபவர்களைத் தினம் பார்க்கிறேன். தொங்கும் கையை மற்ற கையால் தாங்கிப் பிடிக்கும்போது தோள் ஒரு பக்கம் சாயும், கழுத்து நரம்பு புடைக்கும். சாமுரா அந்தச் சாய்வைத் தப்பாமல் வரைகிறார். வெட்டுண்ட கையை மஞ்சி பொருத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த உடம்பில் கனம் தெரியும். அவனுக்குச் சாவு இல்லை, வலி இருக்கிறது. ஒரே கையை எத்தனை முறை இழந்தாலும் ஒவ்வொரு முறையும் முழுதாக வலிக்கும்.

கருக்கல்

ரின் குறுக்கே நிற்கும் காட்சி எனக்கும் பிடித்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சாகாவரம் எதற்கு? மஞ்சி சாதாரண மனிதனாக இருந்து, ரின் குறுக்கே வந்திருந்தால் இரண்டு உயிருக்கும் பயந்திருப்போம்.

தூறல், டி பற்றி நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. டி-யும் எளிதில் சாகாதவன்தான். பாதி வாம்பயர், வயதே தெரியாது. அவன் விழுந்துவிட்டால் இடது கையில் குடியிருக்கும் அந்த முகம் மண், நீர், நெருப்பு, காற்று எல்லாவற்றையும் விழுங்கி அவனை எழுப்பிவிடும். ஆனாலும் அங்கே எனக்குக் குறை தெரியவில்லை, ஏனென்றால் கிகுச்சி நம்மை டி-யின் உள்ளே விடுவதே இல்லை. முதல் நாவலில் நம்மைப் பிடித்து வைப்பது டோரிஸ். வாம்பயர் பிரபு கடித்துவிட்ட பண்ணைவீட்டுப் பெண், ஊரே ஒதுக்கிவிட்டது, காவலுக்கு ஆள் தேடுகிறாள். டி புயல் மாதிரி, வருவான், போவான். மஞ்சியோடு நாம் 30 தொகுதி கூடவே நடக்க வேண்டியிருக்கிறது.

பழையசுவடி

இரண்டு பக்கமும் வாசித்தேன். அந்த பிக்குணியை எல்லாரும் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் வருத்தம். கதையின் திறவுகோல் அவளிடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

யாஒபிகுனி என்ற அந்தப் பிக்குணி சாமுராவின் கற்பனை அல்ல. ஜப்பானில் பல ஊர்களில் வழங்கும் பழங்கதை. அதில் பேர்பெற்றது வகாசா பகுதி, இன்றைய ஃபுகுயி மாகாணத்து ஒபாமா நகரம். மனித முகம் கொண்ட மீனின் இறைச்சியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருகிறார். என்னவென்று தெரியாமல் மகள் தின்றுவிடுகிறாள். அன்றிலிருந்து அவளுக்கு மூப்பு இல்லை. கட்டிய கணவர்கள் ஒவ்வொருவராகக் கிழவராகிச் சாகிறார்கள், அவள் மட்டும் இளம்பெண்ணாகவே நிற்கிறாள். கடைசியில் தலையை மழித்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள், மரம் நடுகிறாள், ஏழைகளுக்கு உதவுகிறாள். 800 வயதில் வகாசாவுக்குத் திரும்பி வந்து ஒரு குகைக்குள் போய், உண்ணாமல் உயிரை விடுகிறாள். ஒபாமாவில் கூயின்-ஜி கோயிலில் அந்தக் குகையை இன்றும் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையை அறிந்த ஜப்பானிய வாசகனுக்கு, பிக்குணி கொடுத்த நீண்ட ஆயுள் என்றவுடன் அது வரம் இல்லை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். யாரையெல்லாம் மண்ணில் போட்டுவிட்டு இவன் நிற்கப் போகிறான் என்றுதான் அவன் படிப்பான். கருக்கல், நீங்கள் சண்டைக்குள் தேடும் பயம் சண்டை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் பற்றியும் ஒன்று. அக்காலத்தில் பழிவாங்குவதற்கு முறை இருந்தது. கதகியுச்சி என்பார்கள். தந்தை போன்ற மூத்தவரைக் கொன்றவனைத் தேடிப்போக, அதிகாரிகளிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். துணைக்கு வாள் பிடிப்பவனுக்கு சுகெதாச்சி என்று தனிப்பெயரே உண்டு. மஞ்சியின் இடம் அதுதான். பழிக்குப் பழியாக மறுபழி எடுப்பது மட்டும் விலக்கப்பட்டது, இல்லாவிட்டால் அது முடியவே முடியாதே. இப்போது இட்டோ-ரியூ தலைவன் அனொட்சுவைப் பாருங்கள். அவன் தாத்தாவை ரின் வீட்டுப் பயிற்சிக்கூடத்திலிருந்து விரட்டியிருக்கிறார்கள். அந்தப் பழியில்தான் ரின்னின் அப்பா செத்தார். அந்தச் சாவுக்குப் பழியெடுக்க ரின் போகிறாள். தலைமுறை தலைமுறையாக ஓடுகிற ஒன்றை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்க்கத் தலைமுறைகளைத் தாண்டி உயிரோடு இருக்கிற ஒரு ஆள் வேண்டும். சாகக்கூடிய ரோனினால் அது ஆகாது.

தூறல்

ஐயா, அந்தக் குகை உண்மையிலயே இருக்குன்னு இப்பதான் தெரியும். நன்றி.

கருக்கல்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மறுபழி விலக்கு எனக்குத் தெரியாத செய்தி. அனொட்சு, ரின் இரண்டு பேரையும் அது வேறு மாதிரி பார்க்க வைக்கிறது.

ஆனால் நீங்கள் சொல்லும் கதையை ஷிஸுமா எய்கு வைத்து ஆசிரியர் சீக்கிரமே சொல்லி முடித்துவிட்டாரே. எய்குவும் புழு ஏறியவன், 200 வருடங்களுக்கு மேல் வாழ்ந்து சலித்தவன். மஞ்சிக்கு முன்னால் நடமாடும் கண்ணாடி அவன். அவனோடு அந்த விஷயம் நிறைவாக முடிந்துவிட்டது. பிறகு சிறைப்பகுதி வருகிறது. எடோ கோட்டைக்கு அடியில் மஞ்சியைக் கட்டிப்போட்டு, வைத்தியன் புராண்டோ அவன் கைகளை வெட்டி மற்றக் கைதிகளுக்கு ஒட்டவைத்துப் பார்க்கிறான். பக்கம் பக்கமாக அதே கொடுமை. சாகாவரம் என்ற ஒன்று இல்லையென்றால் அந்தப் பகுதியே வந்திருக்காது, கதையும் நடுவில் அப்படித் தேங்கி நின்றிருக்காது. கடைசியில் ஷிரா போன்ற கொடூரன்கூட மஞ்சியின் கையை ஒட்டிக்கொண்டு பாதி சாகாதவனாகிவிடுகிறான். வரம் கடைச்சரக்கு ஆகிவிட்டது.

நிலாமுற்றம்

கருக்கல், அந்தச் சிறைப்பகுதியை நான் வரிசையாகப் படிக்க முடியாமல் நாலு நாள் மூடி வைத்திருந்தேன். உங்களுக்குத் தேக்கமாகத் தெரிந்தது, எனக்குத் தாங்க முடியவில்லை.

மற்றவர்களின் ஆயுளை நீட்டிக்கத்தானே அந்தச் சோதனை எல்லாம். புராண்டோ முட்டாளும் இல்லை, முதலில் வெறும் கொடூரனாகவும் வரவில்லை. அவன் ஒரு வைத்தியன். நோயாளிகளைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்திருக்கிறது என்று நம்புகிறான். ஒவ்வொரு கைதியும் செத்து விழ விழ, இத்தனை பேர் செத்ததற்கு ஒரு பலன் வேண்டாமா என்று அடுத்தவனை மேசையில் ஏற்றுகிறான். மஞ்சி 100 பேரைக் கொன்றதும் இதே மாதிரிதானே, நிறுத்த ஒரு இடம் கிடைக்காமல். சாகாத உடம்பு ஒன்று கிடைத்தால் அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்த வாள்வீரர் கதை வேறு எதையும் நான் படித்ததில்லை.

அந்தக் கிடங்கிலிருந்து மஞ்சியை மீட்டு வருவது யார்? ரின், கூட தோவா என்ற இன்னொரு பெண். முதல் தொகுதியில் அழுதுகொண்டு உதவி கேட்டு வந்த பெண்தான் ரின். காவலுக்கு வந்தவனுக்கே அவள் காவலாகிறாள். மஞ்சி சாகக்கூடியவன் என்றால் அந்த மேசையில் முதல் நாளே முடிந்திருப்பான், அவள் வந்து சேர நேரமே இருந்திருக்காது.

பழையசுவடி

அந்தக் கடைசி அத்தியாயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதை, சாமுராய் ஆட்சி போய்ப் பேரரசர் ஆட்சி வந்த மெய்ஜி காலத்துக்குத் தாவுகிறது. ரின் இல்லை. அவள் வழிவந்த சிறுமி ஒருத்தி மஞ்சி முன்னால் வருகிறாள். வருடங்களைக் கவனியுங்கள். கதகியுச்சியை மெய்ஜி அரசு 1873-ல் தடை செய்தது. பொதுமக்கள் வாள் அணிவதை 1876-ல் தடை செய்தது. அவன் எந்தச் சட்டத்துக்குள் வாள் பிடித்தானோ அதுவே இல்லாமல் போய்விட்டது, அவன் இருக்கிறான். அந்தக் குழந்தை வந்து நிற்கிற கட்டத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். எனக்கு இப்போது 60-க்கு மேல். என் தாத்தாவை அறிந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ரின்னை அறிந்தவன் ஒருவன் அந்தச் சிறுமிக்கு மிஞ்சியிருக்கிறான்.

தூறல்

நான் இதைப் படிக்கவே ஆரம்பிக்கலை, முடிவு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆனா இப்பதான் படிக்கணும்னு தோணுது. எதுல ஆரம்பிக்கலாம்? தகாஷி மீகே 2017-ல எடுத்த படமா, 2019-ல வந்த 24 எபிசோட் அனிமேவா?

நிலாமுற்றம்

மங்கா, தம்பி. படம் விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் இத்தனை பெரிய கதையை ஒரே படத்தில் அடைத்திருக்கிறார்கள். அந்தத் தோள் சாய்வு காகிதத்தில்தான் தெரியும்.

கருக்கல்

ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு படி. பக்கங்களைக் கண்ணாடிபோலத் திருப்பாமல், கட்டங்களை வெட்டி எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கியிருக்கிறார்கள். திருப்பியிருந்தால் மஞ்சியின் முதுகில் இருக்கும் பௌத்தச் சின்னம் ஹிட்லரின் சின்னமாகிவிட்டிருக்கும். அதனால் சில பக்கங்களில் கண் கொஞ்சம் தடுமாறும்.

நிலாமுற்றம், ரின் மீட்க வரும் இடத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் நீங்கள் சொன்னது சரி, விட்டுக்கொடுக்கிறேன். சிறைப்பகுதி நீளம் என்பதை விட்டுக்கொடுக்கமாட்டேன். 1000 கணக்குக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழையசுவடி

கணக்கு முடிந்தால் அவனுக்குச் சாவு கிடைத்துவிடும். ரின்னோடு நடக்க ஆரம்பித்த பிறகு அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கருக்கல்

ஐயா, இது அழகான பதில். ஆனால் இதை நீங்கள் எழுதினீர்கள், சாமுரா எழுதவில்லை. ஒரே ஒரு பக்கம், மஞ்சி எண்ணிப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிற ஒரு பக்கம், 30 தொகுதிக்குள் எங்காவது இருந்திருக்க வேண்டும்.

நிலாமுற்றம்

இந்த ஞாயிறு எனக்கு விடுமுறை. முதல் தொகுதியிலிருந்து தேடிப் பார்க்கிறேன்.